சுங்கம் தவிர்த்தலும் சுங்கம் விதித்தலும்

திருச்சியில் டோல்கேட் என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. கொள்ளிடத்துக்கு அந்தாண்டை நம்பர் ஒன் டோல்கேட். சென்னைத் தண்டையார்பேட்டையிலும் ஒரு டோல்கேட். கோயம்புத்தூரில் சுங்கம். இந்த இடங்களில் பழைய டோலும் இல்லை, கேட்டும் இல்லை. காசு வாங்கினவன் போய்விட்டான். கண்டக்டர் வாயில் பெயர் மட்டும் நிற்கிறது.

நகரத்து நெரிசலைக் குறைக்கச் சாலைக்கு விலை வைக்கலாம் என்று யாராவது பேசினால் நம் தோழர்களுக்குச் சுர்ரென்று கோபம் வருகிறது. 'நடக்கிற பாதைக்கும் காசா?' இந்தக் கோபத்துக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதால் அதை லேசில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வரலாற்றைப் புரட்டினால் கோபம் முழுக்க நமக்குச் சாதகமாகவும் இல்லை.

பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் போகிற பெருவழியில் உல்கு வாங்குகிறார்கள். வழியில் வில்லேந்திய காவல். காசும் ஆயுதமும் ஒரே இடத்தில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் வருஷம் கழித்து முதல் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். விதித்ததற்காக எந்த ராசாவையும் நம் சனங்கள் பட்டம் கட்டிக் கொண்டாடவில்லை; எடுத்ததற்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். மெய்க்கீர்த்திகளை அப்படியே நம்பக்கூடாது என்பது வேறு விஷயம்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை திப்புவின் கையைவிட்டுக் கம்பெனியிடம் போனது. கம்பெனியும் முந்தைய அரசுகளைப் போலவே சரக்கை வழியில் மறித்துச் சாயர் வாங்கியது. வங்காளத்துச் சௌக்கிகளைப் பற்றி 1834இல் சார்லஸ் டிரெவெல்யன் ஓர் அறிக்கை எழுதினார். அரசுக்கு வருவதைவிட வழியில் நிற்கிற சேவகர்கள் பிடுங்குவது அதிகம், உள்ளூர்ச் சரக்கு இதனால் நாசமாகிறது என்பது அதன் சாரம். சென்னை மாகாணத்தில் உள்நாட்டு வழிச்சுங்கம் 1844ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. இதைத் தாராளவாதத்தின் கொடை என்று பாடப்புத்தகம் சொல்லக்கூடும். கரைக்கு வந்திறங்கிய சீமைத்துணி தடையில்லாமல் உள்நாட்டுச் சந்தைக்குப் போகவும் அது வழி செய்தது. சுங்கம் தவிர்ப்பதிலும் யாருக்கோ லாபம் இருக்கிறது.

பிறகு நகராட்சிகளும் லோக்கல் போர்டுகளும் வந்தன. வண்டிக்கும் மாட்டுக்கும் டோல் வந்தது. திருச்சி, தண்டையார்பேட்டைப் பெயர்களெல்லாம் இந்தக் காலத்து மிச்சம். மோட்டார் வந்ததும் இந்த ஏற்பாடு கசந்தது. ஊருக்கு ஊர் நின்று காசு கொடுக்க மோட்டார்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1931ஆம் ஆண்டுச் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் மோட்டாருக்கான டோலை எடுத்துவிட்டு மாகாண வரி ஒன்றை வைத்தது. உள்ளூர் அமைப்புகளுக்கு நட்டஈடு. என் பார்வையில் 1844ஐவிடப் பெரிய திருப்பம் இது. இதற்குப்பின், சாலையை எவ்வளவு, எந்த நேரத்தில் பயன்படுத்துகிறாய் என்பதற்கும் நீ கட்டுகிற வரிக்கும் சம்பந்தம் அறுந்துபோகிறது. ஒரு தடவை கட்டிவிட்டால் காலை ஒன்பது மணிக்கு நாகல் நகரில் நின்றாலும் சரி, நடுராத்திரி ஆளில்லாத ரோட்டில் போனாலும் சரி. இன்றைய ஆயுட்கால வரி அதன் முற்றிய வடிவம்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்ததைச் சொல்லாமல் போனால் நம் கட்டுரை பாதிதான். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலைகளில், தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்க யாரும் தடை சொல்லக்கூடாது என்ற அந்தத் தீர்மானம் நிறைவேறி அரசாணையாயிற்று. வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே வருஷம். 'பொதுச்சாலை' என்கிற சொல்லை இயற்கை நமக்குக் கொடுக்கவில்லை. பிறப்பை வைத்து மறித்த சாவடிகளைத் தாண்டி வந்த சொல் அது. ஆகவே சாலையில் புதுசாக ஒரு கேட் போடலாம் என்று சொல்கிறவன் முதலில் இவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதில் என்ன? வில்லியம் விக்ரி என்ற பொருளாதாரக்காரர் 1950களிலேயே இதைச் சொன்னார். (1996இல் நோபல் அறிவித்த மூன்றாம் நாள் செத்துப்போனார், பாவம்.) சாலையில் இடம் கொஞ்சம். நெரிசல் நேரத்தில் உள்ளே நுழைகிற ஒவ்வொரு வண்டியும் பின்னால் வருகிறவர்களின் நேரத்தைத் தின்கிறது, அதற்குக் காசு தருவதில்லை. எனவே விலை நேரத்துக்கு நேரம் மாற வேண்டும். சிங்கப்பூர் 1975இல் இதைச் செய்தது. காலை நெரிசலில் நகர மையத்துக்குள் வரும் காருக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி. பஸ்ஸுக்கும், நாலு பேரோடு வரும் காருக்கும் கட்டணமில்லை. அந்த நேரத்து வாகன வரவு 44 சதவீதம் குறைந்தது. சிங்கப்பூர் அரசை நமக்குப் பிடிக்காது, சரி. 2003இல் லண்டனில் 5 பவுண்டு விதித்த கென் லிவிங்ஸ்டன் இடதுசாரி. வந்த பணம் போக்குவரத்துக்கே போக வேண்டும் என்று அங்கே சட்டம். நியூயார்க்கில் 2025 ஜனவரி 5 முதல் 9 டாலர்.

இந்தத் தராசில் நம்மூரை நிறுத்திப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். திண்டுக்கல்லுக்குள் நுழையாமல் நாலுவழிச் சாலையில் போகிறவன் தெற்கே கொடைரோட்டிலும் வடக்கே வேலஞ்செட்டியூரிலும் காசு கட்டுகிறான். ஊருக்குள் மெயின் ரோட்டில் ஒற்றை ஆளாகக் காரை நிறுத்தி வழியை அடைக்கிறவனுக்குக் கட்டணம் கிடையாது. காலியாக இருக்கிற ரோட்டுக்கு விலை, நெரிகிற ரோடு ஓசி. 2008ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளே பொதுவாக நகராட்சி எல்லைக்கு 10 கிலோமீட்டருக்குள் சாவடி கூடாது என்கின்றன. ரோடு போட்ட காசைத் திரும்ப எடுக்கிற கணக்கு அது. நெரிசல் அதன் கண்ணிலேயே படாது. விடிகாலை இரண்டு மணிக்கும் அதே தொகை, காலை ஒன்பதுக்கும் அதே தொகை.

அதே விதிகளின் அடிப்படை விகிதத்தைப் பாருங்கள். கிலோமீட்டருக்குக் கார் 65 காசு, பஸ் 2 ரூபாய் 20 காசு. பாரத்தால் ரோடு தேய்கிறது என்பது தர்க்கம். அறுபது பேரைச் சுமக்கும் பஸ், ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருக்கும் காரைப்போல மூன்று மடங்குக்கு மேல் கட்டுகிறது. 2025 ஜூலையில் கப்பலூர் உட்பட நாலு தென்மாவட்டச் சாவடிகளில் 276 கோடி ரூபாய் பாக்கி என்று அரசுப் பேருந்துகளை விடக்கூடாதென உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது; பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது. நெரிசலைக் குறைக்கிற ஒரே வண்டியை மறிக்கத்தான் சாவடிக்குத் தெரிந்திருக்கிறது!

ஒரு மே மாதம் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். மலையில் பாதி வழியில் இரண்டு மணிநேரம் அசையவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி நிக்கிற நாப்பது கார் சனத்தையும் மூணு பஸ்ல ஏத்திப்புடலாம்ணே" என்றார். விக்ரி சொன்னதும் அம்புட்டுதான்.

அந்த மலைக்கு 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ். 2025 சீசனில் வாரநாட்களில் 4,000 வண்டி, வாரக்கடைசியில் 6,000 என்று வரம்பு வைத்தார்கள். இங்கே விலை இல்லை, எண்ணிக்கைதான். காசில்லாதவனை விலை விரட்டும். முந்திப் பதியத் தெரியாதவனை எண்ணிக்கை விரட்டும். சீசனை நம்பிக் கடனில் வண்டி வாங்கின டிரைவருக்கு இரண்டும் ஒன்றுதான். அரசு பஸ்ஸுக்குப் பாஸ் வேண்டாம் என்று விட்டதில் மட்டும் சரியான தர்க்கம் தெரிகிறது. ஆனால் குறைந்த கார்களுக்கு ஈடாக எத்தனை பஸ் கூடியது என்று கேட்டால்தான் அந்தத் தர்க்கம் முழுசாகும். நாம் போடுகிற கூச்சலில் இந்தக் கேள்வி இல்லை.

நாளைக்கே திண்டுக்கல் மாநகராட்சி பேகம்பூர்ப் பக்கமும் பழனி ரோட்டிலும் கேமராக் கம்பம் நட்டுக் கட்டணம் வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்து நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். நிலக்கோட்டையிலிருந்து பூக்கூடையோடு முதல் பஸ்ஸில் வருகிற பெண்ணிடமும், டூவீலரில் பூட்டுப் பட்டறைக்கு வருகிறவனிடமும் கம்பம் காசு கேட்குமா? வசூலை யார் கையில் கொடுப்பார்கள், பஸ்ஸுக்கா, ஏலம் எடுத்தவனுக்கா? நம்மூர்ச் சந்தை வாசலில் தலைச்சுமைக்குச் சீட்டுக் கிழிக்கிற குத்தகைக்காரனைப் பார்த்து வளர்ந்தவன் நான். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.