யாழ்ப்பாணத்துப் பழைய கார்களும் நாடி பிடித்த கைகளும்

2002ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்பாட்டின் பின்னர் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது, குடாநாட்டுக்குச் சென்ற வெளிநாட்டு ஊடகவியலாளர்கள் பலரின் கண்ணில் முதலில் பட்டவை அங்கு ஓடிக்கொண்டிருந்த பழைய பிரித்தானியக் கார்கள்தாம். ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என அவை நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தும் வாடகைக் கார்களாகவும் கல்யாணக் கார்களாகவும் உழைத்துக்கொண்டிருந்தன. அவை மண்ணெண்ணெயில் ஓடிய கதை பலராலும் எழுதப்பட்டுவிட்டது. சொட்டுப் பெற்றோலை ஊற்றி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் உத்தியைக் குடாநாட்டில் அறியாதார் இல்லை.

ஆனால் எஞ்சின் நின்றுபோனால் கார் நிற்கும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் காரின் முன்சில்லு மடிந்தால் உள்ளே இருப்பவரின் உயிருக்கே ஆபத்து. ஆதலால் அந்தக் கார்களின் உண்மையான வரலாறு எஞ்சின் மூடிக்குக் கீழே இருப்பதைவிட, சில்லுகளுக்குப் பின்னால், சுக்கானும் வில்லும் சந்திக்கும் இடத்திலேயே அதிகம் இருக்கிறது என்பது எனது எண்ணம்.

இந்தக் கார்கள் இலங்கையில் இத்தனை காலம் நிலைத்ததற்கு முதற் காரணம் போர் அல்ல. 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டு பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, ஏற்கெனவே நாட்டில் இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டிய நிலை நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்தது. அதன் பின் தெற்கில் யப்பானியக் கார்கள் நிறைந்தன. வடக்கிலோ போர் வந்து காலத்தை நிறுத்தி வைத்தது.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமானது. அதனை வடிவமைத்தவர் துருக்கியின் ஸ்மிர்னா நகரில் பிறந்த அலெக் இசிகோனிஸ். பின்னாளில், 1959இல் வெளிவந்த மினி காரின் தந்தையும் அவரே. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது பிரித்தானியக் கார் மைனர்தான். உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருந்தன. சிறிய குடும்பக் கார் ஒன்றுக்கு அக்காலத்தில் புதுமையான இரண்டு அம்சங்களை இசிகோனிஸ் அதில் வைத்தார். ஒன்று, பற்சட்டமும் சிறு பற்சக்கரமும் கொண்ட சுக்கான் அமைப்பு. மற்றையது, சுருள் வில்லுக்குப் பதிலாக, காரின் நீளவாக்கில் கிடந்து முறுக்கப்படும் உருக்குக் கோல். முன்சில்லு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்தக் கோல் முறுகி மீளும்.

ஒஸ்ரின் ஏ-40 வேறு மரபைச் சேர்ந்தது. 1947இல் வந்த டெவனிலும் 1952இல் வந்த சமர்செற்றிலும் முன்பக்கம் சுருள் வில். சுக்கான் அசைவைச் சில்லுக்குக் கொண்டுசெல்வது பற்சட்டமல்ல, எண்ணெய் நிரம்பிய ஒரு பெட்டி. இரு கார்களுக்கும் பின்பக்கம் தகட்டு வில்லே. எண்ணெய் நிரப்பிய, கை போன்ற நெம்புகோல் கொண்ட அதிர்வுதாங்கியும் இரண்டுக்கும் பொது.

மைனரின் மிகப் பெரிய பலவீனத்தை உலகெங்கும் அதனை வைத்திருப்போர் நன்கறிவர். முன்சில்லு இடம் வலமாகத் திரும்புவதற்கு நிலைக்குத்தான ஒரு கம்பம் உண்டு. கராஜ்களில் அதனைக் கிங் பின் என்பார்கள். அதன் மேல்முனையும் கீழ்முனையும் திருகுப்புரி கொண்டவை. அவை ட்ரனியன் எனப்படும் உருக்குக் கட்டிகளுக்குள் திருகப்பட்டிருக்கும். காரின் முன்பாரம் கீழ்ப்புரியின் வழியாகவே சில்லுக்கு இறங்குகிறது. கிறீஸ் ஒழுங்காக அடிக்கப்பட்டால் அது பல்லாண்டு உழைக்கும். கிறீஸ் வற்றி மணல் புகுந்தால் புரி அரைபட்டுத் தேயும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் காரை மெதுவாக வளைத்துத் திருப்பும்போதோ, சிறு குழியில் இறங்கும்போதோ புரி கழன்று, சில்லு மட்கார்டுக்கு அடியில் மடிந்துவிடும். அது வேகமாகச் செல்லும்போது நேர்வது அரிது என்பதே ஒரே ஆறுதல்.

இந்நோயை முன்கூட்டியே அறிவது எப்படி? இங்கேதான் கைப்பழக்கத்தின் பெருமை தெரிகிறது. முன்பக்கத்தை ஜக் வைத்து உயர்த்தி, கட்டையில் உறுதியாக நிறுத்தி, சில்லின் உச்சியை ஒரு கையாலும் அடியை மறு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் நோய் இரண்டிலொன்று: சில்லுப் பெயாரிங் தளர்ந்திருக்கலாம், கிங் பின் தேய்ந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, உள்ளே ஒருவரை இருத்திப் பிறேக்கை மிதிக்கச் சொல்வார்கள். பிறேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பழுது பெயாரிங்கில். நிற்காமல் தொடர்ந்தால் பழுது கிங் பின்னில். இந்தச் சோதனைக்கு வேண்டியவை இரு மனிதர்களும் ஒரு ஜக்கும் மாத்திரமே.

அதே சில்லை இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால் வேறு செய்தி கிடைக்கும். அந்த ஆட்டம் சுக்கான் தண்டுகளின் முனைமூட்டிலிருந்து வருகிறதா, பற்சட்டத்திலிருந்து வருகிறதா என்பதை மூட்டின் மீது விரலை வைத்தே உணரலாம். மூட்டுத் தேய்ந்திருந்தால் தட்டும் சத்தம் காதுக்குக் கேட்குமுன் விரலுக்குத் தெரியும்.

ஏ-40இன் சுக்கான் பெட்டி இன்னும் நுட்பமான பொறுமையைக் கேட்பது. கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், பெட்டியின் உட்பாகம் நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் தேய்கிறது. நடுவில் உள்ள ஆட்டத்தை முற்றாக நீக்குவதற்குத் திருகை இறுக்கினால், முழுதாக வளைக்கும்போது சுக்கான் இறுகிப் பிடிக்கும். வளைவிலிருந்து தானாக நேருக்குத் திரும்பவும் மாட்டாது. ஆகவே சிறிது ஆட்டத்தை விட்டுவைப்பதே சரியான வைத்தியம். எதை நீக்குவது, எதைப் பொறுத்துக்கொள்வது என்று அறிந்தவரே நல்ல மெக்கானிக் எனப்பட்டார்.

கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்ற முறைப்பாடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரயரின் காற்று. அடுத்தது, ஒரு சில்லில் மாத்திரம் பிறேக் ஒட்டிப் பிடிக்கிறதா என்பது. அதன் பிறகே முறுக்குக் கோல் ஒரு பக்கம் தளர்ந்து கார் சரிந்திருக்கிறதா என நோக்க வேண்டும். இவை யாவும் சரியாக இருந்தும் இழுவை நிற்காவிட்டால், ஒரு நூலை எடுத்து முன்சில்லின் மையத்துக்கும் பின்சில்லின் மையத்துக்கும் இடையிலான தூரத்தை இரு பக்கமும் அளப்பதுண்டு. அளவு வேறுபட்டால், பின்பக்கத் தகட்டு வில்லின் நடுப்போல்ட் முறிந்து அச்சு நகர்ந்திருக்கக்கூடும். அத்தகைய கார் நண்டு போலச் சற்றுச் சாய்ந்தே ஓடும்.

ரயரும் ஒரு சாட்சி. இரு முன்ரயர்களின் ஓரங்களும் அரம் போலத் தேய்ந்திருந்தால் சில்லுகளின் நேர்ச்சீர் பிழை. ரயரில் இடையிடையே குழி விழுந்திருந்தால் அதிர்வுதாங்கி செயலிழந்திருக்க இடமுண்டு. காரின் ஒரு மூலையை அழுத்தி விட்டால் அது எழுந்து ஏறக்குறைய ஒரே அசைவில் அடங்க வேண்டும். தொட்டில் போல ஆடிக்கொண்டிருந்தால் அதிர்வுதாங்கியில் எண்ணெய் இல்லை என்பது பொருள்.

இவையெல்லாம் உலகெங்கும் உள்ள பழைய கார்க் கைநூல்களில் காணக்கிடைக்கும் செய்திகளே. யாழ்ப்பாணத்தின் தனித்தன்மை, இந்த அறிவுக்கு அங்கு ஏற்பட்ட விலைமதிப்பில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் அடங்கின. மின்சாரமும் இல்லை. உதிரிப்பாகம் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் மெக்கானிக் ஊகத்தின் பேரில் ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். பிழைத்தால் இன்னொன்றை மாற்றலாம். தடைக்குள் இருந்த ஊரில் அது இயலாது. ஒரு பெயாரிங்கைக் கழற்றிய பின் நோய் கிங் பின்னில் என்று தெரியவந்தால், கழற்றியதில் சேதமானதற்கும் மாற்றில்லை. எனவே ஸ்பானரை எடுக்குமுன் நோயைத் தெளிவாக அறிந்தே ஆக வேண்டும். பற்றாக்குறை அவர்களைச் சிறந்த நோயறிஞர்களாக்கிற்று.

அக்கால வீதிகளின் குண்டுங்குழியும் செல் விழுந்த பள்ளங்களும் இந்தச் சில்லுகளைத் தாக்கியபடியே இருந்தன. அதே கார்கள்தாம் பிரசவ வேதனையில் துடித்தவர்களையும் காயமடைந்தவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, ஓடக்கூடிய ஒவ்வொரு வாகனத்தின் மீதும் அதன் வில்லுகள் தாங்கக்கூடியதற்கு மேலாகவே வாழ்க்கை ஏற்றப்பட்டது. அந்த நிலையில் ஒரு ட்ரனியனின் திருகுப்புரி தேய்ந்திருக்கிறதா இல்லையா என்பது சில உயிர்களின் கேள்வியாக இருந்தது.

வரலாற்றின் முரண்நகை ஒன்றையும் இங்கு குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்தியவர் சார்ள்ஸ் வெயர். கார் என்பது வீசிவிடும் பொருளன்று, தலைமுறைகளுக்கு நிலைக்கவேண்டியது என்று வாதிட்டவர் அவர். 1990களில் அவரது கூட்டு முயற்சியாகத் தென்னிலங்கையில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் உற்பத்தியாகி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. ஒரே தீவின் ஒரு முனையில் மைனருக்கான பாகங்கள் கப்பலேறின. மறு முனையில் அதே காருக்கு ஒரு புஷ் கிடைக்காமல் பழையதையே திரும்பத் திரும்பச் சீர்செய்துகொண்டிருந்தார்கள்.

இன்று மைனரின் ட்ரனியனைக் கணினியில் தேடி, இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைக்கலாம். புலம்பெயர்ந்த நாடுகளிலும் ஊரிலும் தந்தையரின் காரை மீட்டெடுப்போர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு சில்லைப் பிடித்து அசைத்து, "இது பெயாரிங் இல்லைத் தம்பி, கிங் பின்" என்று சொல்லக்கூடிய கைகள் முதுமையடைந்துவிட்டன. தடைக்காலத்தில் எவரும் அந்த அறிவை எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கும் அவகாசமும் அவர்களுக்கு இருக்கவில்லை. உங்கள் ஊரில் அத்தகைய ஒருவர் இன்னும் இருந்தால், உங்கள் காரை அவரிடம் கொண்டு செல்லுங்கள். ஜக்கில் உயர்த்தி அவர் சில்லைப் பிடிக்கும்போது, பிறேக்கை மிதிப்பதற்கு உங்கள் பிள்ளையை உள்ளே இருத்துங்கள்.