அப்ரூவர் சாட்சியும் பாகவதர் வழக்கும்



நேற்று பேரன் செய்தி பார்த்துவிட்டு, "தாத்தா, அப்ரூவர்னா யாரு?" என்று கேட்டான். குற்றத்தில் கூட இருந்துவிட்டு, மன்னிப்பு வாங்கிக்கொண்டு, கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர் என்றேன். "அவர் சொல்றத எப்படி நம்புறது?" என்றான். நல்ல கேள்வி. பதில் நம் ஊர்ச் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். 'சினிமா தூது', 'இந்து நேசன்' பத்திரிகைகளில் நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதியவர். டிசம்பர் கடைசியில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அந்தத் தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் கதாநாயகன் ஜெயிலில்!

இருவரும் கத்தி எடுத்துக் குத்தினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சதி செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. சதி நாலு சுவருக்குள் நடப்பது. அதனால் அப்ரூவராக மாறிய ஒருவரின் சாட்சியம்தான் அரசுத் தரப்புக்கு முக்கியத் தூண். ஜூரியின் பெரும்பான்மை முடிவுப்படி 1945 மே 3-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை.

சட்டம் என்ன சொன்னது? 1872 சாட்சியச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, கூட்டாளியின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது என்றது. 114-ஆம் பிரிவின் விளக்கமோ, முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் கூட்டாளியை நம்பத் தகாதவராகக் கருதலாம் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்து, தனிச் சாட்சியம் தேடுவதே நீதிமன்றங்களின் வழக்கம். தன் தலை தப்ப அடுத்தவன் தலையைக் காட்டுவது மனித சுபாவம் அல்லவா?

உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அது, மேல்முறையீட்டை மறுபடி கேட்கும்படி சென்னைக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் இருவரும் சாட்சியத்தை எடைபோட்டு, விடுதலை செய்தார்கள். கலைவாணர் மறுபடி திரையில் ஜெயித்தார். பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. 1959-ல் 49 வயதில் மறைந்தார். தீர்ப்பைத் திருத்த முடிந்தது, போன காலத்தைத் திருப்ப முடியவில்லை.

2024 ஜூலை முதல் அமலான புதிய சாட்சியச் சட்டம், வேறு ஆதாரத்தால் உறுதிப்பட்ட கூட்டாளி சாட்சியத்தின் பேரில் தண்டித்தால் சட்டவிரோதம் ஆகாது என்று வாசகத்தை மாற்றியிருக்கிறது.

இதைப் பேரனுக்குச் சொல்லும்போது என் மனசு குத்தியது. பல வருஷத்துக்கு முன் வகுப்பில் பந்து காணாமல் போனது. பிடிபட்டவன், "சார், அவனும்தான் எடுத்தான்" என்று பக்கத்துப் பையனைக் காட்டினான். நான் வேறெதுவும் விசாரிக்காமல் இருவரையும் அடித்தேன். மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, இரண்டாமவன் அன்று பள்ளிக்கே வரவில்லை என்று. வருகைப் பதிவேடு என் மேசையிலேயே இருந்தது. திறந்து பார்க்கவில்லை. அவனிடம் மன்னிப்பும் கேட்கவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால், உன் சாரை மன்னித்துவிடு. உன் மேல்முறையீட்டைத் தாமதமாகத்தான் கேட்கிறேன்.