எபிசோட் 27: வானதியைத் தேடிக் கொடும்பாளூர் போன கதை

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு ஒரு கேள்வி வந்திருந்தது. "எந்த ஃபேன்டஸி சீரிஸை எடுத்தாலும் ஏன் ஒரு ரகசிய வாரிசு, ஒரு ஜோசியம், ஒரு சுரங்கப்பாதை இருக்கு?" நல்ல கேள்வி. 'வீல் ஆஃப் டைம்' 1990ல ஆரம்பிச்சு 14 புத்தகம் போச்சு. நடுவுல எழுத்தாளரே இறந்துட்டார், இன்னொருத்தர் எழுதி 2013ல முடிச்சார். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவல் வரிசை 1996ல தொடங்கினது, இன்னும் முடியல. ரெண்டுலயும் மேல சொன்ன ஐட்டம் எல்லாம் உண்டு.

ஆனா நமக்கு இது புதுசா என்ன? 1950 அக்டோபர்ல இருந்து 1954 மே வரைக்கும் வாராவாரம் 'கல்கி' பத்திரிகையில பொன்னியின் செல்வன் வந்துச்சு. மூன்றரை வருஷம், அஞ்சு பாகம். அதுல மந்திர சக்தி கிடையாது, டிராகன் கிடையாது. மத்ததெல்லாம் இருக்கு.

ஒரு லிஸ்ட் போடுவோம். கையில ஒரு ஓலையோட குதிரையில வர்ற, வாய்த்துடுக்கான வாலிபன்: வந்தியத்தேவன். நடுராத்திரி சதியாலோசனை, அதை மதில் மேல இருந்து ஹீரோ ஒட்டுக்கேட்கிறது: கடம்பூர் மாளிகை. மூடு பல்லக்குக்குள்ள யாருன்னு ஒரு மர்மம். குடந்தை ஜோதிடர். வானத்துல வால் நட்சத்திரம். பாதாளச் சுரங்கம். ஒரே முகச்சாயல்ல ரெண்டு பெண்கள். கடல்ல மூழ்கிட்டதா ஊரே அழுத இளவரசர், புத்த விகாரத்துல பத்திரமா இருக்கிறது. கடைசியா, பூக்கட்டிக்கிட்டிருந்த பையன்தான் உண்மையான வாரிசு!

இதுல பாதிக்குக் காரணம் வாரத் தொடர்ங்கிற வடிவம். ஒவ்வொரு வாரமும் அத்தியாயத்தோட கடைசி வரியில வாசகரைத் தொங்க விடணும், அடுத்த வாரம் மறந்துபோனவங்களுக்கு ஞாபகப்படுத்தணும். எங்க அப்பத்தா வீட்டுல தொடரைக் கிழிச்சு பைண்டு பண்ணி வச்சிருந்தாங்க. கதை பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும், பின்பக்கத்துல பாதி விளம்பரம் இருக்கும். நான் முதல்ல படிச்சது அதுதான்.

மீதிப் பாதிக்குக் காரணம் கல்வெட்டு. இங்கதான் எனக்கு சுவாரசியம்.

நம்ம பாஷையில சொன்னா, கல்வெட்டுங்கிறது நிறைய காலி ஃபீல்டு உள்ள ஒரு டேட்டாபேஸ். ஆதித்த கரிகாலன் கொலையை எடுத்துக்குங்க. காட்டுமன்னார்கோயில் பக்கத்துல உடையார்குடி கோயில் கல்வெட்டு, ராஜராஜனோட 2ஆம் ஆட்சியாண்டு. கொலைகாரங்களோட பேரும், அவங்க உறவுக்காரங்க சொத்தைப் பறிமுதல் பண்ணின விவரமும் அதுல இருக்கு. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன். இதுல ரெண்டு பேருக்கு 'பிரம்மாதிராஜன்'னு பட்டம் இருக்கு. அது பிராமண அரசு அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். ஆனா ஏன் கொன்னாங்க, யார் சொல்லிக் கொன்னாங்க? காலி. நடுவுல சுமார் 15 வருஷம் ஆண்ட உத்தம சோழன் மேல நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏத்துக்கல.

கல்கி அந்தக் காலி இடத்துல என்ன வச்சார்? சுடுகாட்டுல சபதம் எடுக்கிற மந்திரவாதி, பழிவாங்கத் துடிக்கிற ஒரு பேரழகி. நந்தினி முழுக்க முழுக்கக் கற்பனை. அப்படியும் கொன்னது யார்ங்கிறதை அவர் கடைசி வரைக்கும் அடிச்சுச் சொல்லல. அந்த ஃபீல்டைக் காலியாவே விட்டார். அது நேர்மை.

சிக்கல் அவர்கிட்ட இல்ல. நம்மகிட்ட. அதை எங்க மாவட்டத்துல வச்சே காட்டுறேன்.

எனக்குக் கீரனூர். அங்கிருந்து பைக்ல ஒரு மணி நேரம் சொச்சம் போனா கொடும்பாளூர். வானதியோட ஊரு! காலேஜ் முடிச்ச வருஷம் ஃப்ரெண்ட்ஸோட மூவர் கோயிலுக்குப் போனேன். உள்ள நுழைஞ்சதும் நான் கேட்ட முதல் கேள்வி, "வானதி அரண்மனை எங்க இருக்கு?" அங்க நிழல்ல உட்கார்ந்திருந்த பெரியவர் சிரிச்சுட்டார். "தம்பி, வர்றவுங்க எல்லாம் இதத்தான் கேக்குறாங்க. அந்தக் கல்லுல எழுதியிருக்குறவுகள ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க."

அப்புறம்தான் படிச்சேன். கோயில் சுவர்ல ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு. இருக்குவேளிர் வம்சாவளி அதுல இருக்கு. பூதி விக்கிரமகேசரி மூணு விமானம் கட்டினார், தன் பேர்ல ஒண்ணு, கற்றளி, வரகுணைங்கிற தன் ரெண்டு மனைவிகள் பேர்ல ஒவ்வொண்ணு. மதுரைக்காரரான மல்லிகார்ஜுனர்ங்கிற காளாமுகத் துறவிகிட்ட மடத்தை ஒப்படைச்சு, 50 துறவிகளுக்குச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு பண்ணினார். வானதி பேர் அதுல இல்ல. மூணு விமானத்துல இன்னைக்கு நிக்கிறது ரெண்டுதான், மூணாவதுக்கு அடித்தளம் மட்டும் மிச்சம். ஆயிரம் வருஷம் தாண்டி ரெண்டு பெண்களோட பேர் கல்லுல வந்து சேர்ந்திருக்கு. அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு நான் ஒரு நாவல் பாத்திரத்தைத் தேடினேன்.

இன்னும் பக்கத்துல, நார்த்தாமலை. மலை மேல இருக்கிற கோயிலை விஜயாலய சோழீஸ்வரம்னு சொல்றோம். தொண்ணூத்தாறு விழுப்புண் பட்ட ஆதி வீரன் விஜயாலயன் கட்டினதுன்னுதான் மனசுல பதியும். 'வம்சத்தைத் தொடங்கின மாவீரன்' அதுவும் ஒரு பழைய டெம்ப்ளேட். ஆனா அங்க இருக்கிற கல்வெட்டு சொல்றது வேற: கட்டினது சாத்தன் பூதிங்கிற உள்ளூர்த் தலைவர். மழையில இடிஞ்சு போனதைத் திரும்பப் புதுப்பிச்சது மல்லன் விடுமன். வம்சம் தொடங்கின வீரனை எல்லாருக்கும் தெரியும். மழையில விழுந்ததை எடுத்துக் கட்டினவரை யாருக்குத் தெரியும்?

டிரோப்ங்கிறது தப்பான விஷயம் இல்ல மக்களே. காலியா இருக்கிற இடத்துல வர்ற டிஃபால்ட் வேல்யூ, அவ்வளவுதான். அது இல்லன்னா நான் கொடும்பாளூருக்கே போயிருக்க மாட்டேன். ஆனா டேட்டா இருக்கிற இடத்துலயும் டிஃபால்ட்டையே படிச்சோம்னா, உண்மையா வாழ்ந்தவங்களை நாமளே அழிக்கிறோம்.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை மூவர் கோயிலுக்குப் போனீங்கன்னா, வானதியைக் கேளுங்க, தப்பில்ல. கூடவே கற்றளி, வரகுணைன்னு ரெண்டு பேரையும் ஒரு தடவை சத்தமா சொல்லிட்டு வாங்க. மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.