நீரிழிவு உள்ளவர்கள் கிழங்கு உண்ணலாமா?

நீரிழிவு உள்ளவர்கள் கிழங்குகளை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காமல், சோறு, இட்லி, சப்பாத்தி ஆகியவற்றின் கணக்கில் சேர்க்க வேண்டும். கிழங்கு உண்ணும் வேளையில் அதற்கு ஈடான சோற்றைக் குறைப்பதே அடிப்படை விதி. இவ்விதியை அன்றாட உணவில் கடைப்பிடிக்கும் முறையை இப்பக்கம் விளக்குகிறது.

ரத்தச் சர்க்கரை ஏன் உயர்கிறது?

கிழங்குகளில் மாவுச்சத்து மிகுதி. அது செரிமானத்தின்போது குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அரிசியில் உள்ள மாவுச்சத்துக்கும் இதே நிலைதான். எனவே சோற்றுடன் உருளைக்கிழங்குப் பொரியலை உண்பவர் ஒரே வேளையில் இரு மடங்கு மாவுச்சத்தை உண்ணக்கூடும். "சோற்றைக் குறைத்துவிட்டேன், ஆனாலும் சர்க்கரை குறையவில்லை" என்று கூறும் பலருடைய உணவைக் கேட்டறிந்தால், சோறு குறைந்த இடத்தைக் கிழங்குப் பொரியலோ வறுவலோ நிரப்பியிருப்பது தெரியவரும்.

மண்ணுக்கு அடியில் விளைவதெல்லாம் ஆகாதா?

இது பரவலாக நிலவும் கருத்து, ஆனால் சரியன்று. முள்ளங்கி மண்ணுக்கு அடியில் விளைந்தாலும் அதில் மாவுச்சத்து மிகக் குறைவு. கேரட், பீட்ரூட் ஆகியவற்றிலும் 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் அளவே மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளன. இவற்றைப் பொரியலாக அளவோடு உண்ணலாம். மாறாக, மண்ணுக்கு மேலே விளையும் வாழைக்காய், பலாக்காய், மக்காச்சோளம், பச்சைப் பட்டாணி ஆகியவற்றில் மாவுச்சத்து கூடுதலாக உள்ளது.

பெயரைக் கொண்டும் முடிவு செய்ய இயலாது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பாக இருந்தாலும், அதே எடையுள்ள மரவள்ளிக்கிழங்கில்தான் மாவுச்சத்து அதிகம். மரவள்ளியிலிருந்து எடுக்கப்படும் ஜவ்வரிசியில் நார்ச்சத்தும் புரதமும் ஏறத்தாழ இல்லை. விரத நாட்களில் உண்ணும் ஜவ்வரிசி உப்புமாவும், உடல்நலம் குன்றியபோது அருந்தும் ஜவ்வரிசிக் கஞ்சியும் ரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தும்.

எந்த அளவு எதற்கு ஈடு?

கீழ்க்கண்ட ஒவ்வோர் அளவிலும் ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்து உள்ளது. எடை, வேகவைத்துத் தோல் நீக்கியபின் உள்ள எடையாகும். ரகத்துக்கு ஏற்ப இது சற்று மாறுபடும்.

• சோறு: 50 கிராம் (நிரம்பிய மேசைக்கரண்டி 3)
• மரவள்ளிக்கிழங்கு: 40 முதல் 50 கிராம் (விரல் நீளமுள்ள சிறிய துண்டு 1)
• சர்க்கரைவள்ளிக்கிழங்கு: 65 கிராம் (நடுத்தரக் கிழங்கில் பாதி)
• சேப்பங்கிழங்கு: 65 கிராம் (சிறிய கிழங்கு 2)
• உருளைக்கிழங்கு: 75 கிராம் (கோழி முட்டையைவிடச் சற்றுப் பெரிய கிழங்கு 1)
• சேனைக்கிழங்கு: 80 கிராம் (தீப்பெட்டி அளவுள்ள துண்டு 3)

எடுத்துக்காட்டாக, மதிய உணவில் 150 கிராம் சோறு உண்ணுமாறு உங்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அன்று 80 கிராம் சேனைக்கிழங்கு உண்டால், சோற்றை 100 கிராமாகக் குறைக்க வேண்டும்.

தட்டில் எவ்வாறு பரிமாறுவது?

தட்டின் பாதியில் கீரை, அவரை, வெண்டை, புடலை, பீர்க்கை, சுரை, முட்டைக்கோஸ் போன்ற காய்கறிகள் இருக்கட்டும். கால் பகுதியில் பருப்பு, சுண்டல், மீன், முட்டை, கோழிக்கறி போன்ற புரத உணவு இருக்கட்டும். எஞ்சிய கால் பகுதியே சோற்றுக்கும் கிழங்குக்கும் பொதுவானது. காய்கறியின் இடத்தில் கிழங்கு அமர்ந்தால் தட்டில் முக்கால் பகுதி மாவுச்சத்தாகிவிடும்.

சமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

• கிழங்கைத் துண்டுகளாக வேகவைத்து உண்பது நல்லது. குழைய வேகவைத்து மசித்தால் விரைவாகச் செரித்துச் சர்க்கரையும் விரைவாக உயரும்.
• எண்ணெயில் பொரித்த வறுவலும் சிப்ஸும் கலோரியை மிகவும் கூட்டுகின்றன. இவற்றை அன்றாட உணவில் சேர்க்க வேண்டாம்.
• வேகவைத்து ஆறிய கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. இதன் பலன் சிறிதளவே. ஆறிய கிழங்கு என்பதற்காக அளவைக் கூட்டக் கூடாது.
• மரவள்ளியைத் தோல் நீக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். கசக்கும் கிழங்கை உண்ணக் கூடாது. அதில் நச்சுத்தன்மை இருக்கக்கூடும்.

கிழங்கே உணவாக உள்ள வீடுகளில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மரச்சீனி எனப்படும் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் ஒரு வேளை உணவாகவே உண்ணப்படுகின்றன. இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. மீனிலிருந்து புரதம் கிடைக்கிறது. கிழங்கின் அளவைக் குறைத்து, மீனையும் ஒரு கிண்ணம் கீரை அல்லது காயையும் சேர்த்து, அவ்வேளையில் சோற்றைத் தவிர்த்தால் போதும்.

பொங்கல் நாளில் பல கிழங்குகள் சேர்ந்த குழம்பு, வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், கரும்பு ஆகிய அனைத்தும் ஒரே இலையில் வருகின்றன. அன்று குழம்பில் உள்ள அவரை, மொச்சை, பூசணி ஆகியவற்றைக் கூடுதலாகவும் கிழங்குத் துண்டுகளை ஓரிரண்டாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

திடீரென நிறுத்துவது ஆபத்து

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களும் அச்சத்தால் சோறு, கிழங்கு இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். முதியோருக்கு இது மேலும் ஆபத்தானது. உணவில் பெரிய மாற்றம் செய்வதற்கு முன் மருந்தின் அளவை மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, குழப்பமான பேச்சு ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தாலோ, அளந்து பார்க்க வசதி இல்லாத நிலையில் அறிகுறிகள் தோன்றினாலோ, 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தச் செய்ய வேண்டும். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளந்து, தேவையெனில் மறுபடியும் கொடுக்க வேண்டும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை உட்கொள்பவர்களுக்குச் சர்க்கரைக்குப் பதிலாகக் குளுக்கோஸ் பொடியே கொடுக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனடியாக 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள்

பெரும்பாலான கிழங்குகளில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பொட்டாசியத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே கிழங்கு உண்ண வேண்டும். அனுமதிக்கப்பட்டால், தோல் நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும்.

உங்கள் உடலுக்கு ஏற்ற அளவை அறிவது எப்படி?

ஒரே கிழங்கு எல்லோருக்கும் ஒரே அளவில் சர்க்கரையை உயர்த்துவதில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், கிழங்கு உண்ணும் நாளில் உணவுக்கு முன்பும், உண்ணத் தொடங்கிய 2 மணி நேரத்துக்குப் பின்பும் அளந்து குறித்துவையுங்கள். உணவுக்குப் பிந்தைய அளவு பொதுவாக 180 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். மிகுந்தால் அடுத்த முறை கிழங்கின் அளவைப் பாதியாக்கி மீண்டும் அளந்து பாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் இலக்கு வேறுபடும். அதை மருத்துவரே கூறுவார்.

பராமரிப்பாளர்களுக்கு

நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் தேவையில்லை. குடும்பத்தினர் அனைவருக்கும் காய் மிகுந்த, கிழங்கு அளவான உணவே ஏற்றது. தட்டில் இருப்பதைப் பிடுங்குவதைவிட, பரிமாறும் முன்பே அளவாக வைப்பது நல்லது. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது சர்க்கரை அளவுக் குறிப்புடன், ஒரு வாரம் உண்ட உணவின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டிலேயே மருந்து பெறுபவர்கள் அக்குறிப்பைக் களப்பணியாளரிடமும் காட்டலாம். மருந்தை மாற்றுவதா, உணவை மாற்றுவதா என முடிவு செய்ய அவ்விரண்டும் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.