தாய்மாரின் சொற்களும் நிமோனியாவின் வரலாறும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வந்த குடும்பங்கள், நோய்களுக்கான தம் சொற்களையும் உடன் கொண்டுவந்தன. மூக்கு ஒழுகினாலும் சளி. நெஞ்சு அடைத்தாலும் சளி. ‘இழுப்பு’ என்பது மூச்சிரைப்பையும் குறிக்கும், வலிப்பையும் குறிக்கும். அருகிலுள்ள சயான் மருத்துவமனையில், மராத்தியோ இந்தியோ பேசும் மருத்துவரிடம் இச்சொற்களை ஒரு தாய் மொழிபெயர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. குழந்தைக்கு வந்திருப்பது நிமோனியா எனில், அங்கு நேரும் பிழை உயிரைப் பறிக்கலாம்.

இதனைத் தாயின் அறியாமை என்று கூறிவிடுவது எளிது. மருத்துவ வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. 1984இல் பாப்புவா நியூ கினியில் பணியாற்றிய பிராங்க் ஷான் குழுவினர், எக்ஸ்ரே இல்லாத இடங்களில் நோயை இனங்காண இரண்டு அடையாளங்களை முன்வைத்தனர்: விரைந்த மூச்சு, மூச்சிழுக்கும்போது உட்குழியும் நெஞ்சு. உலக சுகாதார நிறுவனம் பின்னர் வகுத்த அளவுகளின்படி, நிமிடத்திற்கு 2 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயதுக்குள் 40 மூச்சை எட்டினால் அது விரைந்த மூச்சு. இவ்விரண்டையும் காணக் கண் போதும். வட இந்தியத் தாய்மாரிடையே வழங்கும் ‘பஸ்லி சல்னா’ (விலா அசைதல்) என்னும் தொடர் சுட்டுவதும் ஏறத்தாழ இதனையே.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் குழுவினர் இதனைச் செயலில் காட்டினர். நிமோனியா பற்றி ஊராருக்கு எடுத்துரைத்தனர். கிராமச் சுகாதாரப் பணியாளருக்கும் மருத்துவச்சிகளுக்கும் நோயறியவும் மருந்து கொடுக்கவும் பயிற்சி அளித்தனர். 1990இல் வெளியான அவர்களது லான்செட் ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே நிமோனியா இறப்பு ஒப்பீட்டுப் பகுதியில் 1000க்கு 17.5, பணி நடந்த பகுதியில் 8.1. எண்ணத் தெரியாதவரும் மூச்சை அளக்க, மணல் கடிகாரமும் மணிகளும் கொண்ட கருவியையும் அவர்கள் உருவாக்கினர்.

சயானில் பச்சிளங்குழந்தை மருத்துவராக இருந்த அர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் ‘ஸ்நேகா’ அமைப்பைத் தொடங்கி, குடிசைப் பகுதிகளின் வீடுகளை நோக்கிச் சென்றதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

மொழி ஆய்வாளருக்கு இங்கு ஒரு கடமை உண்டு. ‘கடுமையான சுவாசத் தொற்று’ என்று அச்சிட்ட துண்டறிக்கை, தாய் ஒருபோதும் சொல்லாத ஒரு பெயரைக் கற்பிக்கிறது. ‘மூச்சு வேகமா வாங்குதா? நெஞ்சு உள்ள குழியுதா?’ என்னும் வினாவோ, அவள் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்ததைக் கேட்கிறது.