சென்னைக்கு வந்த கய்யாம்

உமர் கய்யாம்! பெயரைக் கேட்டதும் பலர் உள்ளத்திலே மதுக்கிண்ணம் மிதக்கிறது. மங்கையின் முகம் மலர்கிறது. ஆனால், பாரசீகத்து நிசாப்பூரிலே 1048-இல் பிறந்த அவன், முப்படிச் சமன்பாடுகளுக்கு வடிவ கணிதத்தால் விடை கண்ட பேரறிஞன். 1079-இல் நடைமுறைக்கு வந்த சலாலி நாட்காட்டியை வகுத்த வானநூலார் குழுவில் ஒருவன். அவன் பெயரால் வழங்கும் பாடல்களிலே எவை அவனுடையவை என்று ஆய்வாளர் இன்றும் வாதாடுகின்றனர். மேனாட்டார் அறிந்த கய்யாம், எட்வர்டு பிட்ஜெரால்டு என்ற ஆங்கிலேயர் வார்த்தெடுத்த கய்யாம்.

பிட்ஜெரால்டுக்குப் பாரசீகம் கற்பித்தவர் நண்பர் கோவல். மாணவரைவிட 17 வயது இளைய ஆசிரியர்! ஜாமியின் 'சலாமானும் அப்சாலும்' காவியத்தை 1856-இல் ஆங்கிலமாக்கி வெளியிட்டார் மாணவர். அவ்வாண்டே பேராசிரியராகக் கல்கத்தா வந்த கோவல், அங்கே ஆசியக் கழக நூலகத்திலே கிடந்த கய்யாம் ஏட்டைப் படியெடுக்கச் செய்து அனுப்பினார். 1859-இல் 'ருபாயத்' வெளிவந்தது. 75 பாடல்கள், 250 படிகள், மொழிபெயர்த்தவர் பெயரே இல்லை. விலை ஒரு ஷில்லிங். வாங்குவாரில்லை! ஒரு பென்னிக்குத் தள்ளிவிடும் பெட்டியிலே போய் விழுந்தது நூல்.

அவர் உழைப்பைப் போற்றுவோம். அவர் செருக்கை? இந்தப் பாரசீகக் கவிஞர்களிடம் விரும்பியபடி உரிமை எடுத்துக்கொள்ளலாம், நாம் செப்பனிட்டால்தான் இவர்கள் கவிஞர்கள் என்ற பொருள்பட 1857-இல் கோவலுக்கு எழுதினாரே, ஆளும் இனத்தின் ஆணவம் பேனா முனையிலும் கசிந்ததல்லவா! ஆயினும், படைத்தவனையே கூண்டிலேற்றிக் கேள்வி கேட்கும் துணிவு, அந்த ஆங்கிலத்திலும் மங்கவில்லை.

பெட்டியிலே கிடந்த நூலை 1861-இல் கண்டெடுத்துப் பரப்பியவர்களுள் ஒருவர், விட்லி ஸ்டோக்ஸ் என்னும் அயர்லாந்துக்காரர். வழக்கறிஞராக மறு ஆண்டு சென்னைக்கு வந்தவர், பிட்ஜெரால்டைக் கேளாமலே அந்த நூலை இங்கே அச்சிட்டுவிட்டார். ஆம், சென்னையிலே, 1862-இல்! லண்டனில் இரண்டாம் பதிப்பு வந்ததோ 1868-இல்தான்.

மார்தட்டிக்கொள்ளலாமா நாம்? வேண்டாம். ஆங்கிலம் அறிந்த ஒரு சிலருக்கான விருந்து அது. கள்ளக்குறிச்சி உழவன் மகனுக்கு அதனால் என்ன பயன்? கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'உமார் கய்யாம் பாடல்கள்' நூலாக வந்த ஆண்டு 1945. சென்னை அச்சகத்திலிருந்து அந்தத் தமிழ்ப் பாட்டுக்கு வந்து சேர 83 ஆண்டுகள்! அதுவும் பாரசீகத்திலிருந்து நேரே வரவில்லை. பிட்ஜெரால்டின் ஆங்கிலத்தின் வழியே வந்தது. பாடகன் கய்யாம் வந்தான். கணிதன் கய்யாம்? அரபு மொழியிலே அவன் எழுதிய இயற்கணித நூலைக் கல்வராயன் மலையடிவாரத்துப் பள்ளி மாணவன் தமிழிலே புரட்டிப் பார்ப்பது எந்நாளோ?