சந்தை இல்லாத சேகரிப்புப் பொருள்: மலாயாவில் ரிவால்வரின் மதிப்பு, 1945–2023

பழைய ரிவால்வரைச் சேகரிப்பவர்கள் 'அசல் நிலை' என்பதைத் திட்டமாக அளக்கிறார்கள். தொழிற்சாலையில் ஏற்றிய நீலப்பூச்சு அப்படியே இருக்க வேண்டும். உறுப்புகளில் பொறித்த எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பெட்டியும் துணைக்கருவிகளும் உடனிருந்தால் விலை இன்னும் ஏறும். புதிதாக மெருகு போட்டால் பளபளப்பு வரும், மதிப்பு இறங்கும். 1847-இல் ஏறத்தாழ 1,100 மட்டுமே செய்யப்பட்ட கோல்ட் வாக்கர் ரகத்தில், பெட்டியோடு தப்பிய ஒன்று 2018-இல் அமெரிக்க ஏலத்தில் 1.84 மில்லியன் டாலருக்குப் போனது. நிலை கெட்டாலும் கதை பெரிதாக இருந்தால் பணம் வரும்: வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் துருப்பிடித்த ரிவால்வர் 2019-இல் பாரிஸில் 1,62,500 யூரோவுக்கு விற்றது.

மலாயாவின் ஜோகூர் மாநிலத்தில் நிலைக்கும் விலை இல்லை, கதைக்கும் விலை இல்லை. துப்பாக்கியும் அதன் கதைகளும் இங்கே குறைவில்லாமல் இருந்தும் சேகரிப்போர் சந்தை உருவாகவில்லை. அதை விளக்குவது சட்டத்தின் வரலாறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அரசு கொடுத்த விலை

ஜப்பானியர் சரணடைந்த பின், 1945 டிசம்பரில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்து வெளியேறிய வீரருக்கு 350 வெள்ளி கிடைத்தது. ஆயுதத்தை மீட்க அரசு அன்று பணம் கொடுத்தது. ஆனால் எல்லா ஆயுதமும் வந்து சேரவில்லை. ஒரு பகுதி காட்டில் பதுக்கப்பட்டது.

உயிரே விலையான காலம்

கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமானது. தமிழர் நினைவில் இதன் முகம் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானவர். 1949 மார்ச்சில் ராவாங் அருகே பிடிபட்டபோது அவரிடம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாக வழக்கு. வழியில் கிடைத்ததைப் போலீசில் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றதாக அவர் சொன்னது ஏற்கப்படவில்லை. இந்திய அரசு கருணை கோரியும் மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அதே ஆண்டுகளில் ஜோகூரின் ரப்பர்த் தோட்டங்களில் துரைமார் இடுப்பில் துப்பாக்கியோடுதான் மலைக்காடு சுற்றினார்கள். மூவார் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கெப்போங் போலீஸ் நிலையம் 1950 பிப்ரவரி 23 விடியலில் தாக்கப்பட்டு எரிந்தது. ஒரே பொருள் உரிமம் உள்ளவருக்குக் காவல், உரிமம் இல்லாதவருக்குத் தூக்குக்கயிறு. அதை 'பழம்பொருள்' என்று விலகி நின்று பார்க்கும் மனநிலைக்கு அன்று இடமே இருக்கவில்லை.

நிலைபெற்ற சட்டம்

அவசரகாலம் 1960-இல் முடிந்தது. அதன் கண்டிப்பு முடியவில்லை. அவ்வாண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் வழங்கும் அதிகாரத்தை மாநிலப் போலீஸ் தலைவரிடம் வைத்தது. குழல் வழியே குண்டைச் செலுத்தி உயிர்போக்க வல்ல எந்தக் கருவியும், அதன் உறுப்பும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வரும். அதே ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புப் பகுதிகளில் சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருப்பதற்கான மரண தண்டனையைத் தக்கவைத்தது; 2012-இல்தான் அது நீக்கப்பட்டது. 1971-இல் வந்த மற்றொரு துப்பாக்கிச் சட்டம் சட்டவிரோத உடைமைக்கு 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் விதித்தது.

சேகரிப்பு என்ற செயலையே நேராகத் தொடுவது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு. உரிமமின்றி இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை வைத்திருப்பவர் ஆயுதம் கடத்துபவர் என்றே அனுமானிக்கப்படுவார். சேகரிப்பாளர் பெருமையோடு எண்ணிப் பார்க்கும் மூன்றாவது துப்பாக்கி இங்கே குற்றத்தின் தரத்தையே மாற்றிவிடுகிறது. இச்சட்டத்தின் கட்டாய மரண தண்டனை 2023-இல் நீதிபதியின் விருப்புரிமைக்கு விடப்பட்டது.

இரண்டு அளவுகோல்கள்

ஏலக்காரரும் சட்டமும் பார்ப்பது ஒரே பண்பைத்தான். விசையும் உருளையும் பழுதின்றி இயங்கினால் முன்னவர் விலையை ஏற்றுவார். அதே இயக்கம்தான் சட்டத்தின் பார்வையில் அதை ஆயுதமாக்குகிறது. அசல் நிலை இங்கே மதிப்பல்ல, சான்று. ஜோகூர் நீரிணைக்கு அப்பால், பாதுகாப்புப் பூட்டு வைத்துச் சிங்கப்பூர்ப் போலீசுக்காகச் செய்யப்பட்ட வெப்லி ரிவால்வர்கள்கூட இன்று அமெரிக்கச் சேகரிப்பாளரிடையேதான் தனி ரகமாகப் பேசப்படுகின்றன.

அமெரிக்கச் சந்தையும் இயல்பாக முளைத்ததல்ல. 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பழம்பொருள் என்று பிரித்து, கூட்டாட்சிக் கட்டுப்பாடுகளிலிருந்து பெரும்பாலும் விலக்கியது 1968-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே சட்டம் ஓர் ஆண்டைக் கோடாகக் கிழித்தது. மலாயாவில் அது உரிமத்தைக் கோடாக்கியது. ஆகவே ஜோகூர் ரிவால்வரின் மதிப்பை ஆராய்பவர் ஏலப் பட்டியல்களைவிட நீதிமன்றப் பதிவுகளையும் போலீஸ் உரிமப் பேரேடுகளையுமே முதலில் புரட்ட வேண்டும்.